வேலிக்கு சிமெண்ட் கால்களைக் குழியிலேயே வார்த்துவிட முடியுமா?

கேள்வி: தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட வேண்டும். ரெடிமேடு சிமெண்ட் கால் வாங்கி நடுவதற்குப் பதில், குழி தோண்டி மேலே அச்சு வைத்து அந்த இடத்திலேயே காங்கிரீட் ஊற்றிவிட்டால் செலவு குறையுமா? உறுதியாக நிற்குமா?

பதில்:

உறுதியாக நிற்கும், ஒழுங்காகச் செய்தால். செலவு குறையாது, கூடத்தான் செய்யும். அதனால் மொத்த வேலியையும் இப்படிப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். மூலைக்கால், கேட் கால், வேலி திரும்புகிற இடத்தில் இழுப்பு வாங்கும் கால், பாறை தட்டி ஆழம் போகாத இடம், இவற்றை மட்டும் அங்கேயே ஊற்றுங்கள். நடுவில் வரிசையாக நிற்பவற்றை வாங்கி நட்டுவிடுங்கள்.

எங்கள் தோட்டம் தாராபுரம் பக்கம். அந்தக் காலத்தில் கொரங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டை, சுற்றிக் கிளுவை முள் வேலிதான், சிமெண்ட்டுக்கே வேலையில்லை. இன்றைக்கும் பொறுமை இருக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல வேலி கிடையாது. ஆனால் கிளுவை அடர்ந்து வருகிறவரை ஆடு காத்திருக்காது, நீங்கள் கேட்டதும் அதுவல்ல. சரி, காங்கிரீட்டுக்கு வருவோம்.

முதலில் சிமெண்ட் கணக்கு. ரூபாயில் சொன்னால் ஊருக்கு ஊர் மாறும், மூட்டையில் சொல்கிறேன். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்ற 1:1½:3 கலவையில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய நாலரை கன அடி காங்கிரீட் கிடைக்கும். கடையில் விற்கும் 4 இஞ்ச் சதுர, 7 அடிக் காலுக்கு முக்கால் கன அடிக்குச் சற்றுமேல் போதும். அதாவது ஒரு மூட்டைக்கு ஐந்து கால் தாராளமாக வரும். இப்போது நீங்கள் சொல்லும் முறைக்கு வாருங்கள். ஓரடி விட்டம், இரண்டடி ஆழம் என்று குழி எடுத்தால், குழிக்குள் மட்டும் ஒன்றரை கன அடிக்கு மேல் போய்விடும். தரைக்கு மேலே 6 இஞ்ச் உருளையாக 5 அடி நிறுத்தினால் இன்னும் ஒரு கன அடி. மொத்தம் இரண்டரை. ஒரு மூட்டைக்கு இரண்டு கால்கூடத் தேறாது. ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடி. பத்தடிக்கு ஒரு கால் என்றால் 84 கால். அங்கே 15 மூட்டையில் முடிகிற சிமெண்ட், இங்கே 48 மூட்டை கேட்கும். ஜல்லி, மணலும் அதே விகிதத்தில் ஏறும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காத மேஸ்திரிகூட அனுபவத்தில் சொல்லிவிடுவார். எங்களிடம் வேலை செய்தவர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கால் திங்கறதைவிட இந்தக் குழி அதிகமாத் திங்கும் போலிருக்குதுங்களே" என்றார். 9 இஞ்ச் துளை போடும் டிராக்டர் மெஷின் கிடைத்தால் குழியின் தீனி கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும். அப்போதும் மூட்டைக்கு இரண்டேகால், இரண்டரைக் கால்தான்.

அடுத்த சிக்கல் அச்சு. நிற்கிற அச்சைக் குறைந்தது 16 மணி நேரம், பத்திரமாக என்றால் ஒரு முழு நாள் கழித்துத்தான் பிரிக்க வேண்டும். கையில் பத்து அச்சு இருந்தால் ஒரு நாளைக்குப் பத்துக் கால்தான். மீதி நேரம் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும், கூலி ஓடும். கால் வார்த்து விற்கும் பட்டறைக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. படுத்த அச்சு, அதிரும் மேஜை, பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி என்று எல்லாம் ஓரிடத்தில் இருக்கும்.

மலைக்காடு, லாரி போகாத இடம் என்றால் அங்கேயே ஊற்றுவதுதான் வழி என்பார்கள். பாதி உண்மை. 7 அடிக் கால் ஒன்று 50 கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் தோளில் தூக்க வேண்டும். அங்கேயே ஊற்றினால் ஒரு காலுக்கு 170 கிலோ சரக்கு மேலே ஏற வேண்டும், தண்ணீரையும் சேர்த்து. கூடைகூடையாகப் பிரித்துத் தூக்கலாம், வழியில் உடையாது என்பது மட்டும்தான் லாபம்.

இனி, எங்கே ஊற்ற வேண்டுமோ அங்கே எப்படி ஊற்றுவது என்று பார்ப்போம்.

குழியின் அடி அகலமாகவும் வாய் சற்றுக் குறுகலாகவும் இருக்கட்டும். மம்பட்டியால் தோண்டினால் தன்னால் இதற்கு நேர்மாறாகத்தான் வரும், வாய் அகன்று அடி குறுகிப் போகும். கடப்பாறையை உள்ளே விட்டு அடியைச் சுற்றிலும் குடைந்துவிடுங்கள். அப்படி வார்த்த காலை மண் சுலபத்தில் மேலே விடாது. கரிசலில் இது ரொம்ப முக்கியம். மழையில் உப்பி, வெயிலில் பிளக்கிற மண் அது. அகன்ற வாயைப் பிடித்து மேலே தள்ளிவிடும். கரிசல் மண்ணில் கட்டடத்துக்கே அடியில் குமிழ் வைத்த தூண் போடுகிறார்கள், ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த முறை. அவ்வளவு ஆழத்துக்கு நாம் போக வேண்டியதில்லை. ஆனாலும் கரிசலில் இரண்டடி போதாது, மூன்றடிக்குக் குறையாமல் இறங்குங்கள். ஊற்றுவதற்கு முன் குழிச் சுவரை நன்றாக நனைத்துவிட வேண்டும். காய்ந்த மண் காங்கிரீட்டில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும்.

கம்பி நாலு, 8 மி.மீ. போதும். அரை அடிக்கு ஒரு 6 மி.மீ. ரிங். பல இடங்களில் ஒரு பழக்கம் பார்க்கிறேன். கம்பியும் ரிங்கும் கட்டிய கூடு நேராக நிற்க வேண்டும் என்பதற்காகக் கம்பியின் நுனியை அடி மண்ணில் குத்தி நிறுத்திவிடுகிறார்கள். செய்ய வசதிதான். ஆனால் மண்ணைத் தொட்ட நுனியில் பிடித்த துரு கம்பி வழியே மேலே ஏறும். துருப்பிடித்த கம்பி பருத்து, காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். நெடுக விரிசல் விட்டு நிற்கும் பழைய கால்களைப் பார்த்திருப்பீர்கள், பாதிக்குப் பாதி இந்தத் துருவின் வேலைதான். அடியில் இரண்டு இஞ்ச் காங்கிரீட் போட்டு அதன்மேல் கூட்டை நிறுத்துங்கள், அல்லது மேலே குறுக்குக் கட்டை வைத்துத் தொங்கவிடுங்கள். சுற்றிலும் ஒரு இஞ்சாவது கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட், இருக்க வேண்டும்.

அச்சுக்கு நான்கு பலகையை அடித்தும் பெட்டி செய்யலாம். எங்களுக்கு வசதிப்பட்டது பழைய பிவிசி கேசிங் பைப்தான். போர் போடுகிறவர்களிடம் துண்டு துண்டாகக் கிடக்கும். நெடுக்கில் இரண்டாக அறுத்து, உள்ளே எண்ணெய் தடவி, மூன்று நான்கு இடத்தில் கட்டுக்கம்பியால் முறுக்கி இறுக்கிவிட்டால் அச்சு ரெடி. கட்டு கீழ்ப்பக்கம் நெருக்கமாக இருக்கட்டும். ஐந்தடி உயரத்துக் காங்கிரீட் அழுத்துவது அடியில்தான், வாயைப் பிளந்தால் அங்கேதான் பிளக்கும். பைப்பை அறுக்காமல் அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. காசு கூடுதல், ஆனால் ஈரம் வெளியே போகாது, காங்கிரீட் இறுகும்வரை நனைத்துத் தண்ணீர் காட்டுகிற வேலையும் மிச்சம்.

ஜல்லி அரை இஞ்ச் எடுங்கள். முக்கால் ஜல்லி ரிங்கில் மாட்டிக்கொண்டு, கீழே ஓட்டை விழும். தண்ணீர் விஷயத்தில்தான் சண்டை வரும். குறுகலான அச்சுக்குள் சீக்கிரம் இறங்க வேண்டும் என்று ஆட்கள் கலவையைக் கஞ்சியாக்கிவிடுவார்கள். மூட்டைக்கு 25, மிஞ்சினால் 27 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கம்பி இருக்கிற காங்கிரீட்டுக்குத் தொடவே வேண்டாம், நல்ல தண்ணீர் கொண்டுவாருங்கள்.

ஊற்றும்போது ஒரே மூச்சில் கொட்டாமல், ஓரடி உயரம் ஊற்றி ஒரு நீளக் கம்பியால் குத்தி, அப்புறம் அடுத்த ஓரடி என்று போங்கள். ஒரு ஆள் மரச்சுத்தியால் பைப்பை வெளியே தட்டிக்கொண்டே வர வேண்டும். காங்கிரீட் இறங்கிய இடத்தில் தட்டினால் 'தொத்' என்று செத்த சத்தம் வரும். 'டொங்' என்று கேட்டால் உள்ளே வெற்றிடம். அந்த இடத்தை விடாமல் தட்டி, கம்பியால் கிளறி நிரப்பிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். அச்சைப் பிரித்த பிறகு பூசி மறைக்கிற ஓட்டையெல்லாம் இந்த நேரத்தில் விட்டதுதான்.

முக்கியமாக ஒன்று. குழியை இன்று மாலை நிரப்பி, தரைக்கு மேல் வரும் பகுதியை நாளைக் காலையில் ஊற்றலாம் என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழசும் புதுசும் சேர்கிற ஒட்டு சரியாகத் தரை மட்டத்தில் வரும். கம்பி இழுக்கும்போது கால் வளையப் பார்ப்பதும் அதே இடத்தில்தான். குழியும் காலும் ஒரே ஊற்றில் முடிய வேண்டும். தரையில் தண்ணீர் தேங்காதபடி காலைச் சுற்றிக் காங்கிரீட்டை இரண்டு இஞ்ச் உயர்த்திச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள்.

ரச மட்டத்தை ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு விடாதீர்கள். தூக்குக்குண்டை இரண்டு பக்கம் பிடித்துப் பார்த்து, மூன்று திசையில் சட்டம் கொடுத்து முட்டு வையுங்கள். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அச்சையே சாய்த்துவிடும். அதே காற்று காங்கிரீட்டையும் உலர்த்தித் தள்ளும். நிற்கிற காலுக்குத் தண்ணீர் காட்டுவது சிரமம், ஊற்றியது அத்தனையும் வழிந்து ஓடிவிடும். ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டி, காலையும் மாலையும் நனையுங்கள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட், அதற்குப் பத்து நாளாவது ஈரம் வேண்டும்.

கம்பி கட்ட ஓட்டை வேண்டுமென்றால், ஊற்றுவதற்கு முன்பே பைப்பில் துளை போட்டு வயரிங் பைப் துண்டுகளைக் குறுக்கே செருகிவிடலாம். பிறகு டிரில் போடுகிற வேலை இருக்காது.

இன்னொரு விஷயம், காங்கிரீட்டுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும். ஊற்றுவதற்கு முன் சர்வேயரை வைத்து அத்து, அதாவது நில எல்லை, அளந்து, நான்கு மூலைக்கல்லையும் பக்கத்துக் காட்டுக்காரர் முன்னாலேயே உறுதி செய்துவிடுங்கள். நட்ட காலைப் பிடுங்கி ஓரடி தள்ளி நட முடியும். வார்த்த காலை பிரேக்கர் வைத்து உடைக்கத்தான் முடியும். குத்தகை நிலமாக இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

பாறைக்கு வருவோம். தோண்டிக்கொண்டே போகும்போது ஓரடியில் 'ணங்' என்று கடப்பாறை திரும்பி வரும். இளகிய சுக்கான் கல் என்றால் கம்ப்ரஸர் வைத்து உடைத்து ஆழப்படுத்தலாம். கெட்டிப் பாறையாக இருந்தால் வாங்கிய காலை அங்கே நட வழியே இல்லை. அதை வெட்டிக் குட்டையாக்கி நட்டால் ஆட்டம் காணும். பாறையில் நாலு துளை போட்டு, தூளை ஊதிச் சுத்தம் செய்து, சிமெண்ட் பால் ஊற்றிக் கம்பியை இறக்கி, அந்தக் கம்பியோடு கூட்டைக் கட்டி மேலே வார்த்துவிடுங்கள். பாறையே அஸ்திவாரம் ஆகிவிடும். இந்த ஒரு இடத்தில் இந்த முறைக்கு நிகரே இல்லை.

மூலைக்காலிலும் அப்படித்தான். இரண்டு பக்கக் கம்பியும் அதை உள்பக்கமாக இழுக்கும். கடையில் வாங்கும் 4 இஞ்ச் கால் அந்த இழுப்புக்கு மெல்ல மெல்லச் சாயும், வேலி முழுக்கத் தொய்யும். மூலையில் 6 இஞ்ச்சுக்குக் குறையாமல் வார்த்து, இரண்டு வேலி வரிசையிலும் ஒவ்வொரு சாய்வான முட்டுக்கால் கொடுங்கள். முட்டு, வேலி ஓடுகிற பக்கத்தில்தான் வர வேண்டும், கால் எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் நின்று தள்ள வேண்டும். சிலர் வெளிப்பக்கம் வைத்துவிடுகிறார்கள், அங்கே அதற்கு வேலையே இல்லை. முட்டுக்காலின் தலைக்கம்பியை மூலைக்காலின் கூட்டோடு சேர்த்துக் கட்டி, இரண்டையும் சேர்த்து ஊற்றினால் அசையாது. நீளமான வரிசையில் பத்துப் பன்னிரண்டு காலுக்கு ஒன்று இதேபோல முட்டோடு வார்த்துக்கொள்ளலாம்.

வார்த்த மூலைக்காலில் மூன்று நான்கு வாரத்துக்குக் கம்பி இழுக்காதீர்கள். அதற்குள் நடுக்கால்களை நூல் பிடித்து நட்டு, உடைகல்லும் மண்ணும் போட்டு இடித்து முடித்துவிடலாம். வாங்கும்போது ஒவ்வொன்றையும் நீளவாக்கில் புரட்டி மயிர்க்கோடு விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டறையில் உடைந்து கிடக்கும் ஒன்றைக் காட்டச் சொல்லி உள்ளே எத்தனை கம்பி, நடுவிலா ஓரத்திலா என்றும் பார்த்துவிடுங்கள். லாரியிலிருந்து தள்ளிவிடாமல் இறக்கச் சொல்லுங்கள், பாதி விரிசல் அப்போது விழுவதுதான்.

கேட் காலுக்கு மட்டும் 9 இஞ்ச் சதுரம், 12 மி.மீ. கம்பி, மூன்றடி ஆழம். கேட்டைச் செய்கிற பட்டறையில் கீல் கொண்டிகளை முன்கூட்டியே வாங்கி, கூட்டுக் கம்பியோடு வெல்டு வைத்துவிட்டு ஊற்றுங்கள். இரண்டு கொண்டியும் ஒரே தூக்கில் இருக்கிறதா என்று அச்சை மூடுவதற்கு முன் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், ஊற்றிய பிறகு அதைத் திருத்த முடியாது.