குழந்தை பார்க்கும் அக்காவை நிறுத்தும்போது கணக்கு எப்படி முடிப்பது? (கேள்வி பதில்)

பதில் சொல்பவர்: வீட்டுப் பணியாளர்களின் சம்பளத் தகராறுகளைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் வழக்கறிஞர்.

கேள்வி (வேளச்சேரி): ஒன்றரை வயதுப் பையனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மாதம் நாலைந்து நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார், போனும் ஸ்விட்ச் ஆஃப். உடனே நிறுத்தலாமா மேடம், நோட்டீஸ் தரணுமா?

பதில்: நிறுத்தலாம். வீட்டு வேலைக்கு இத்தனை நாள் நோட்டீஸ் என்று இங்கே சட்டம் எதுவும் வைக்கவில்லை. ஆனால் மாதம் எத்தனை நாள் சம்பளத்தோடு லீவு, வராவிட்டால் எத்தனை மணிக்குள் போன் பண்ணணும் என்றெல்லாம் அவரிடம் ஒரு தடவையாவது பேசியிருக்கிறீர்களா? கேட்டால் லீவு கிடைக்காது என்று தெரிந்துதான் பலரும் போனை அணைக்கிறார்கள். பேசிவிட்டு ஒரு மாதம் பாருங்கள். அப்புறமும் அதே கதை என்றால் நோட்டீஸுக்குப் பதிலாகப் பதினைந்து நாள் சம்பளத்தைச் சேர்த்துக் கையில் கொடுத்து அன்றைக்கே கணக்கை முடித்துவிடுங்கள். வேலை போகப்போகிறது என்று தெரிந்தவரிடம் பிள்ளையை விட்டுவிட்டு ஆபீஸில் நிம்மதியாக உட்கார முடியாது.

கேள்வி (மதுரை): சம்பளம் 13,000, ஞாயிறு லீவு. இந்த மாதம் 15 நாள் வேலைக்கு வந்தார். 30-ஆல் வகுத்து 6,500 என்கிறார் கணவர்.

பதில்: இந்தத் தப்பைப் பாதி வீடுகளில் செய்கிறார்கள். 30-ஆல் வகுத்தால் நடுவில் வந்த ஞாயிறுகளையும் எண்ணணும். வந்த நாளை மட்டும் எண்ணுவதாக இருந்தால் 26-ஆல் வகுக்கணும்: நாளுக்கு 500, ஆக 7,500. வகுக்கும்போது ஞாயிறைச் சேர்த்து, எண்ணும்போது விட்டுவிட்டால் அந்தம்மாவுக்கு ஆயிரம் ரூபாய் போச்சு.

கேள்வி (கோவை): 8,000 அட்வான்ஸ் பாக்கி இருக்கிறது. கடைசிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்கலாமா?

பதில்: நீங்களாக நிறுத்துகிறீர்கள், அவருக்கு அடுத்த வேலை இன்னும் கிடைக்கவில்லை. கடைசிச் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்காதீர்கள். மீதியை மாதாமாதம் தரச் சொல்லி எழுதி வாங்குங்கள். வராமலும் போகலாம், அதையும் மனதில் வைத்துக்கொண்டே எழுதுங்கள். ஆதார் அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம்.

கேள்வி (திருச்சி): தூங்குகிற குழந்தையை வீட்டில் தனியாகப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். இவருக்கும் பணம் தரணுமா?

பதில்: அன்றைக்கே அனுப்புங்கள், நோட்டீஸ் பணமும் வேண்டாம். ஆனால் வேலை பார்த்த நாட்களுக்கான சம்பளம் அவருடையது, அதை அபராதமாக நினைத்துப் பிடிக்க முடியாது.

கேள்வி (சிங்கப்பூர்): இங்கே ஏஜென்சி மூலம் வந்த பணிப்பெண். சரிப்பட்டு வரவில்லை. டிக்கெட் செலவை அவர் சம்பளத்தில் கழிக்கலாமா?

பதில்: கூடாது. ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது, சம்பள பாக்கி முழுவதையும் அனுப்பும் முன்பே தீர்க்கணும். அவர் அங்கேயே வேறு வீடு தேட விரும்பினால் மாறிப் போக ஒப்புதல் கொடுங்கள். பாதிப் பேருக்கு ஊரில் ஏஜென்சிக் கடன் காத்திருக்கும்.

கேள்வி (தாம்பரம்): நிறுத்திய அக்காவைப் பற்றி அடுத்த வீட்டுக்காரர் போன் பண்ணிக் கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: நடந்ததை மட்டும். லீவைச் சொல்லாமல் போடுவார், குழந்தைக்குப் பொறுமையாகச் சோறூட்டுவார் என்றால் இரண்டையும் சொல்லுங்கள். "ஏதோ காணாமல் போனது, அவர்தானோ என்னவோ" மாதிரி ஆதாரமில்லாத பேச்சு வேண்டாம், அந்தத் தெருவிலேயே அவருக்கு வேலை கிடைக்காது.