எலிவேஷன் லைட்: வாங்கறதுக்கு முன்னாடியும் அப்புறமும் (கேள்வி-பதில்)

புது வீட்டுக்கு அடுத்த வாரம் வெளிப்பூச்சு ஆரம்பிக்குது. எலிவேஷன்ல (வீட்டு முகப்புச் சுவர்ல) ப்ரொஃபைல் லைட், அதாவது அலுமினியச் சட்டத்துக்குள்ள எல்இடி ஸ்ட்ரிப் (பட்டை) ஓடற லைட், போட ஆசை. லைட்டெல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி பார்த்துக்கலாம்னு இன்ஜினியர் சொல்றார். சரியா? (பொள்ளாச்சி)

லைட்டை மெதுவா வாங்குங்க, பைப்பை இந்த வாரமே போடுங்க. பூச்சும் பெயிண்டும் முடிஞ்ச சுவர்ல காடி (நீளப் பள்ளம்) வெட்டினா பட்டி பார்த்த இடம் எந்த ஜென்மத்துக்கும் தெரியும், அதோட அந்த வழியா தண்ணி இறங்கவும் ஆரம்பிக்கும். எந்த அகல ப்ரொஃபைல்னு முடிவு பண்ணி ஒரு துண்டு வாங்கி கொத்தனார் கையில குடுத்துடுங்க, அதை வெச்சே காடி விடுவார். ட்ரைவர், அதாவது வீட்டு கரண்டை ஸ்ட்ரிப்புக்கு வேண்டிய குறைஞ்ச வோல்ட்டா மாத்தற பெட்டி, வைக்கற இடம் முக்கியம். வழக்கமா ஸ்ட்ரிப்புக்கு முன்னாடி அதுதான் பழுதாகும், அதனால மழை படாம, காத்து வர்ற மாதிரி, ஏணி இல்லாம கை எட்டற இடமா பாருங்க. வெளி லைட்டுக்குன்னு தனி எம்சிபி (லோடு கூடினா தானா அணையற ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணையற ஸ்விட்ச்) ரெண்டையும் இப்பவே கேட்டு வாங்குங்க.

12 வோல்ட் ஸ்ட்ரிப், மீட்டருக்கு 14.4 வாட். 15 மீட்டரை ஒரே நீட்டா இழுத்தோம், கடைசில மினுக்குனு எரியுது. கடைக்காரர் மட்டமான சரக்கு குடுத்துட்டாரா? (திருச்சி)

சரக்கு மேல தப்பு இருக்கும்னு தோணல. கணக்கு போடுங்க, 15 மீட்டருக்கு 216 வாட், 12 வோல்ட்ல அது 18 ஆம்பியர், அவ்வளவையும் ஸ்ட்ரிப்புல இருக்கற மெல்லிசு செம்புத் தகடு ஒரு முனையிலேர்ந்தே எப்படி தாங்கும்? அஞ்சு அஞ்சு மீட்டரா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் ட்ரைவர்லேர்ந்து தனி ஒயர் குடுங்க. அஞ்சு மீட்டர் 72 வாட், அதனால ஒவ்வொரு அஞ்சு மீட்டருக்கும் ஒரு 100 வாட் ட்ரைவர் போடுங்க, முழு லோடுல ஓட விடாதீங்க. இனிமே வாங்கறவங்க 24 வோல்ட்டாவே வாங்குங்க, ஆம்பியர் பாதியாயிடும்.

வாட்டர்ப்ரூஃப்னு சொல்லித்தான் குடுத்தாங்க. முதல் மழைக்கே பாதி அணைஞ்சுடுச்சு. மழைக்கு வாரண்டி கிடையாதுன்னு சொல்றாங்க. கையில எஸ்டிமேட் சீட்டு மட்டும்தான் இருக்கு. (கடலூர்)

உங்க மேல ஒரு தப்பும் இல்ல, விடாதீங்க. வெளிச்சுவருக்குன்னு கேட்டு வாங்கின லைட்டுக்கு மழைக்கு வாரண்டி இல்லன்னா அது என்ன வியாபாரம்? எனக்கு இதுல ரொம்ப நாள் கோபம். எங்க காம்பவுண்ட் சுவருக்கு வாங்கின லைட்டும் பெட்டி மேல ஐபி65 (தூசி, தண்ணி எவ்வளவு தாங்கும்னு சொல்ற நம்பர்), கழட்டிப் பார்த்தா உள்ள ரப்பர் வாஷரே இல்ல. வாட்டர்ப்ரூஃப்னு வாயால சொல்றதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது, ஐபி நம்பரை பில்லுல எழுதித்தரச் சொல்லுங்க. ஐபி20 வீட்டுக்குள்ள மட்டும்தான், ஐபி65 தண்ணி பீய்ச்சினா தாங்கும், ஐபி67 ஒரு மீட்டர் தண்ணில அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கணும். ஆனா வெட்டின முனையை மூடி போட்டு சிலிகான் வெச்சு அடைக்கலன்னா எந்த நம்பரும் காப்பாத்தாது, உங்க எலக்ட்ரீஷியன் அதைச் செஞ்சாரான்னும் பாருங்க.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வியாபாரம். குறை இருக்கற பொருளை பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, அப்படி எதுவும் சொல்லலன்னா 30 நாளுக்குள்ள திரும்ப எடுத்துட்டு பணம் தர மறுக்கறதும் அப்படித்தான். எஸ்டிமேட் சீட்டு, போன்ல பணம் அனுப்பின ரசீது, கடைக்காரரோட பேசின வாட்ஸப், அணைஞ்ச லைட்டோட வீடியோ எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிடுங்க. அசையலன்னா உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, பொருளுக்குக் குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே இல்ல, வக்கீலும் கட்டாயமில்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

ஆன்லைன்ல 50 மீட்டர் ரோல், நேரா 230 வோல்ட், ட்ரைவர் செலவு மிச்சம். மொட்டை மாடி கைப்பிடிச்சுவர் உள்பக்கம் ஓட்டலாமா? குழந்தைங்க விளையாடற இடம். (மதுரை)

கூடாது.

கலர் மாறற ஆர்ஜிபி ஸ்ட்ரிப் வாங்கி ஒட்டியாச்சு. வெள்ளை வெச்சா நீலமா அடிக்குது, வீட்ல யாருக்கும் பிடிக்கல. திருப்பிக் குடுத்து பணம் வாங்க முடியுமா? (சேலம்)

முடியாது. பொருள்ல குறை இல்ல, எரிய வெச்சுப் பார்க்காம வாங்கி, வெட்டி, ஒட்டியும் முடிச்சுட்டீங்க. ஆர்ஜிபில சிவப்பு, பச்சை, நீலம் மூணு கலரும் சேர்ந்துதான் வெள்ளை மாதிரி ஒண்ணு வரும், நல்ல வெள்ளை வேணும்னா தனி வெள்ளை சிப் இருக்கற ஆர்ஜிபிடபிள்யூ கேட்டிருக்கணும். இத்தனை செலவு பண்ணி வீடு கட்டறவங்க ஒரு மீட்டர் துண்டு வாங்கி ராத்திரில சொந்தச் சுவர்ல பிடிச்சுப் பார்க்க ஏன் சோம்பல் படறீங்கன்னே புரியல. கல்லு பதிச்ச சுவருக்கு 3000 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு) மஞ்சள் வெளிச்சம் நிக்கும், 6500 கண்ணைக் குத்தும்.

ட்ரைவர் ஒரிஜினலான்னு எப்படிப் பார்க்கறது? (நெல்லை)

அது மேல பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர்-னு ஆரம்பிக்கற நம்பரும் இருக்கணும். கடையில நின்னுக்கிட்டே பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பரைப் போடுங்க, கம்பெனி பேரு ஒத்துப்போகலன்னா அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க.