தொடையில் தகடு உள்ளவருக்கு எந்த முறை ஏற்றது?

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டதால், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளக் கடைக்குப் போய்வருவதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைத்துள்ளார்கள். கணினி வழிகாட்டலுடன் செய்வதே நல்லது என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். 12 ஆண்டுகளுக்கு முன் வலது தொடையெலும்பு முறிந்தபோது வைத்த தகடு இன்னும் உள்ளே இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட தகட்டைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன்.

இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்குக் கோடு இழுத்தால், அது முழங்காலின் நடுவே செல்லவேண்டும் என்பதே நெடுங்காலமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. வழக்கமான முறையில், தொடையெலும்பின் கீழ்முனையில் துளையிட்டு, மஜ்ஜை இருக்கும் உட்குழலுக்குள் நீண்ட கம்பியைச் செலுத்தி, அதை ஆதாரமாகக் கொண்டே எலும்பை எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று தீர்மானிக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இது நன்றாகவே அமைகிறது. ஆனால் தகட்டின் திருகாணிகள் அந்தக் குழலின் குறுக்கே நின்றால் கம்பி உள்ளே போகாது; முறிந்த எலும்பு சற்று வளைந்து கூடியிருந்தால், கம்பி போனாலும் கோணம் பிசகக்கூடும்.

கணினி வழிகாட்டலில் அந்தக் கம்பிக்கே வேலையில்லை. தொடையெலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் மெல்லிய ஊசிகளைத் திருகி, அவற்றின்மேல் பொருத்திய குறிகளை அகச்சிவப்புக் கேமரா பின்தொடர்கிறது. மருத்துவர் உங்கள் தாயாரின் காலைப் பிடித்து மெல்ல வட்டமாகச் சுழற்றுவார். அந்த அசைவிலிருந்தே இடுப்பு மூட்டின் மையம் எங்கே என்பதைக் கணினி கணக்கிட்டுவிடும். வெட்டுவது மருத்துவரின் கைதான், கணினி அளந்து காட்டுகிறது, அவ்வளவே.

1997இல் பிரான்சின் கிரெனோபில் நகரில் தொடங்கிய இந்த முறையால், நேர்கோட்டிலிருந்து 3 பாகைக்கு மேல் விலகும் கால்கள் குறைகின்றன என்பது பல ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஆனால் வலியும் நடையும் அதே அளவுக்கு மேம்படும் என்று எண்ணிவிடாதீர்கள். தென்கொரியாவில் 520 பேருக்கு ஒரு முழங்காலைக் கணினி வழிகாட்டலிலும் மறு முழங்காலை வழக்கமான முறையிலும் மாற்றி, சராசரியாக 10 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தபோது, செயல்பாட்டிலோ செயற்கை மூட்டின் ஆயுளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேட்டில், மூட்டு தளர்ந்து மறு அறுவை சிகிச்சை செய்யவேண்டிய நிலை, கணினி வழிகாட்டலில் செய்துகொண்ட 65 வயதுக்குட்பட்டோரிடம் குறைந்திருந்தது. உங்கள் தாயார் அந்த வயதைக் கடந்துவிட்டார். அறுவை சிகிச்சைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதையும், ஊசி இட்ட துளை வழியே எலும்பு முறிவது அரிதாக நேர்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எனவே, தகடு இல்லாத 68 வயதுக்காரராக இருந்திருந்தால், எந்த முறையில் தேர்ந்தவரோ அந்த மருத்துவரிடம் அந்த முறையிலேயே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, கணினி வழிகாட்டலைக் கேட்டுப் பெறுவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. அடுத்த சந்திப்புக்குப் போகும்போது பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பையும் எக்ஸ்ரே படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே வேண்டுமா என்று கேளுங்கள். தகட்டின் கடைசித் திருகாணி முழங்காலுக்கு மிக அருகில் இருந்தால், எந்த முறையானாலும் அதை முதலில் அகற்றவேண்டி வரலாம். அப்படியானால் ஒரே அறுவை சிகிச்சையா, இரண்டா என்பதையும், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு போக நீங்கள் கையிலிருந்து கட்டவேண்டியது எவ்வளவு என்பதையும் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.