வாகனம் கேள்வி – பதில்: கூலன்ட் குறைகிறது, நிறம் மாறுகிறது, என்ன செய்வது?

கேள்வி: ரிசர்வ் டேங்கில் பச்சை நிறக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இருக்கிறது. கடையில் சிவப்புதான் கிடைத்தது. கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, இரண்டையும் கலக்கலாமா?

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது வெறும் சாயம். எந்த நிறம் எந்த வகை என்று எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் பச்சையும் இன்னொரு நிறுவனத்தின் பச்சையும் உள்ளே முற்றிலும் வேறாக இருக்கலாம்.

பெரும்பாலான கூலன்ட்களில் அடிப்படை திரவம் ஒன்றுதான்: எத்திலீன் கிளைக்கால். வித்தியாசமெல்லாம் அதில் சேர்க்கும் அரிப்புத் தடுப்புப் பொருள்களில்தான் இருக்கிறது. பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் இருக்கும். அவை உலோகப் பரப்பு முழுவதும் ஒரு படலமாகப் படிந்து காக்கும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஆர்கானிக் அமில வகை, அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் ஐந்து ஆண்டு வரைகூடத் தாங்கும். இரண்டையும் சேர்த்த கலப்பு வகைகளும் உண்டு. ஜப்பானிய, கொரிய கார்களில் பெரும்பாலும் பாஸ்பேட் சேர்த்த ஆர்கானிக் வகையும், ஐரோப்பிய கார்களில் பல ஆண்டுகளாகப் பாஸ்பேட் இல்லாத வகைகளும் வருகின்றன.

வேறு வகையைக் கலந்தால் எஞ்சின் அன்றே நின்றுவிடாது. ஆனால் ஐந்தாண்டுக் கூலன்ட்டின் ஆயுள் இரண்டாண்டாகச் சுருங்கும். சில கலவைகள் கூழாகத் திரண்டு, ஹீட்டர் கோரின் (காருக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர்) மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். கேனின் பின்பக்கத்தில் உங்கள் காரின் கையேட்டில் உள்ள தரக்குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்குங்கள். 'எல்லா கார்களுக்கும் பொருந்தும்' என்ற வாசகம் மட்டும் இருந்தால் போதாது.

உங்களுக்கு 200 மி.லி. அளவுக்குத்தான் குறைந்திருக்கிறது என்றால் டிஸ்டில்டு வாட்டரே போதும். ஆறு லிட்டர் கொள்ளளவில் பாதிக்குப் பாதி இருந்த கலவை 48 சதவீதமாக இறங்கும், அவ்வளவுதான். அடிக்கடி இப்படி ஊற்ற வேண்டியிருந்தால் அது வேறு பிரச்சினை. கீழே மூன்றாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: தண்ணீரே சேர்க்காமல் கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றினால் எஞ்சின் இன்னும் நன்றாகக் குளிருமா?

குளிராது, இன்னும் சூடாகும். வெப்பத்தை வாங்கிச் சுமப்பதில் கிளைக்காலைவிடத் தண்ணீர்தான் கெட்டி. கிளைக்கால் கொதிநிலையை ஏற்றுகிறது, உறையாமல் காக்கிறது, கூடவே அரிப்புத் தடுப்பையும் கொண்டுவருகிறது. உறைவதிலும் ஒரு விசித்திரம் உண்டு: பாதிக்குப் பாதி கலந்தது சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கலக்காத கிளைக்காலோ மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். 50 சதவீதம் பொதுவாகச் சரியான அளவு. 70-ஐத் தாண்டக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அரிப்புத் தடுப்பு போதாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், கலவையில் பாதி அதுதானே. குழாய்த் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் சூடான பரப்பில் சுண்ணாம்பாகப் படியும். குளோரைடு அலுமினியத்தில் ஊசி ஓட்டை போடும். குடிக்கும் பாட்டில் தண்ணீரிலும் உப்பு இருக்கலாம். டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். ஏற்கெனவே கலந்த 'ரெடி மிக்ஸ்' கேன் வாங்கினால் அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

கேள்வி: மாதம் ஒருமுறை அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. காருக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே போகிறது?

கூலன்ட் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ வெளியேறுகிறது. சின்னக் கசிவு சூடான எஞ்சின் மீதே ஆவியாகிவிடும், தரைக்கு வராது. ஆனால் காய்ந்த தடம் விட்டுப்போகும். எஞ்சின் நன்றாக ஆறியதும் டார்ச் அடித்துத் தேடுங்கள். வெள்ளையாகவோ, கூலன்ட்டின் சாய நிறத்திலோ பொருக்குப் பிடித்திருக்கும். ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சின்னத் துளை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். அந்தத் துளையிலிருந்து கோடு இறங்கியிருந்தால் பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. பலரும் இதைக் கவனிப்பதில்லை. சுமார் ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்துவைப்பது அதன் வேலை. அந்த அழுத்தத்தில்தான் பாதிக்குப் பாதி கலவை 107 டிகிரிக்குப் பதில் 125 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. ரப்பர் விரிந்தோ வெடித்தோ இருந்தால் கூலன்ட் சீக்கிரம் கொதித்து, வழிந்தோடும் குழாய் வழியே போய்விடும். எஞ்சின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டியிருந்தால், மூடியிலுள்ள வெற்றிட வால்வு திறக்கவில்லை. பழைய மூடியில் பொறித்திருக்கும் அதே அழுத்த எண் உள்ள புதியதைப் போடுங்கள்.

காருக்குள் இனிப்பு வாசனை, முன் கண்ணாடியில் பிசுக்குப் படலம், முன் இருக்கை அருகே கார்ப்பெட்டில் ஈரம் இருந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது.

இவை எதுவும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) மீது சந்தேகம் போக வேண்டும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? டேங்கில் குமிழி ஓயாமல் எழுகிறதா? அப்படியானால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போகிறது. ஒர்க்ஷாப்பில் நீல நிறத் திரவம் வைத்துச் சோதிப்பார்கள். டேங்கின் வாயில் வைத்த அந்தத் திரவம் பெட்ரோல் எஞ்சினில் மஞ்சளாக மாறினால் சந்தேகமே வேண்டாம். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் பால் நிறப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் காரில் ஈரப்பதத்தாலும் அப்படி வரும். டிப்ஸ்டிக்கில் ஆயிலே பால் கலந்த காபி மாதிரி இருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கசிவை அடைக்கும் பவுடர், திரவம் எதையும் ஊற்றாதீர்கள். கசியும் இடத்தைத் தேடிப் போய் அடைக்க அதற்குத் தெரியாது. ஹீட்டர் கோரையும் சேர்த்து அடைத்துவிடும்.

கேள்வி: பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுத்தமாகத் தெரிவது போதாது. ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் கிளைக்கால் அளவு தெரியும். அது குறையாமல் இருக்கும்போதே அரிப்புத் தடுப்பு தீர்ந்திருக்கலாம். அதற்கு உங்கள் வகைக்கென்று தயாரித்த டெஸ்ட் ஸ்ட்ரிப் வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு தோராயச் சோதனை செய்யலாம்: ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டில் முக்குங்கள். 0.3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் கலவையே ஒரு பேட்டரியாக மாறி உலோகத்தைத் தின்னத் தொடங்கியிருக்கலாம். துரு நிறம், வண்டல், எண்ணெய் மினுக்கம் தெரிந்தால் சோதனையே தேவையில்லை. எல்லாம் சரியாக இருந்தாலும், கையேட்டில் சொன்ன ஆண்டோ கிலோமீட்டரோ எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே மாற்றுவது எப்படி? வடித்தால் மூன்றரை லிட்டர்தான் வருகிறது. கையேட்டில் ஆறு லிட்டர் என்று இருக்கிறது.

மீதி இரண்டரை லிட்டர் எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் நிற்கிறது. கலவை கெட்டுப்போவது இந்தக் கணக்கில்தான்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், மூடியைத் தொட்டால் கைக்குச் சூடே தெரியக் கூடாது. ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். சில கார்களில் அதற்குச் செல்லும் வால்வு அப்போதுதான் திறக்கும். அகலமான தட்டை அடியில் வைத்து, மூடியைக் கழற்றி, ரேடியேட்டரின் அடியிலுள்ள டிரெய்ன் திருகைத் திறங்கள். அது பெரும்பாலும் பிளாஸ்டிக், கையால் மட்டும் திருகினால் போதும். திருகு இல்லாத கார்களில் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும். ரிசர்வ் டேங்கையும் காலி செய்து கழுவுங்கள், வண்டல் அதன் அடியில்தான் தங்கும்.

பழையது அதே வகை, தெளிவாகவும் இருக்கிறது என்றால் ரெடி மிக்ஸ் மூன்றரை லிட்டர் ஊற்றினால் வேலை முடிந்தது. வகை மாற்றுகிறீர்கள் அல்லது அழுக்காக இருக்கிறது என்றால் அலச வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும் வரை மூன்று நான்கு தடவை ஆகும்.

இப்போது உள்ளே நிற்கும் இரண்டரை லிட்டரும் தண்ணீர். அதன் மேல் ரெடி மிக்ஸ் மூன்றரை லிட்டர் ஊற்றினால் மொத்தத்தில் கிளைக்கால் 29 சதவீதம்தான் வரும். அலசிய பிறகு கான்சன்ட்ரேட்தான் வேண்டும்: முதலில் அது மூன்று லிட்டர், பிறகு டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டர். மெதுவாக, நூல் மாதிரி ஊற்றுங்கள். அவசரப்பட்டால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: கூலன்ட் மாற்றியதிலிருந்து வெப்பமானி ஊசி ஏறி இறங்குகிறது. ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது.

ஏர் லாக், அதாவது காற்று உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. காரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயரத்தில் நிறுத்துங்கள். தெர்மோஸ்டாட் பக்கம் காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகு இருந்தால், ஆறிய நிலையில் அதைத் தளர்த்தி, குமிழி நின்று கூலன்ட் மட்டும் வரும் வரை ஊற்றி மூடுங்கள். பிறகு மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஐடிலிங்கில் விடுங்கள். தெர்மோஸ்டாட் பல கார்களில் 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும், அப்போது மட்டம் சட்டென்று இறங்கும். உடனே ஊற்றி மூடியைப் போடுங்கள். ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். ஹீட்டரில் சூடான காற்று நிலையாக வந்தால் காற்று போய்விட்டது. மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மட்டம் பார்த்து, மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவே வரும்படி ஊற்றுங்கள்.

ஊசி திடீரென்று குளிர் பக்கம் விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் வற்றி அது காற்றில் நிற்கும்போது, எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தாலும் ஊசி கீழே நிற்கலாம்.

கேள்வி: ஓட்டும்போது ஊசி சிவப்புக்குப் போனால்?

ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள், ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே கொதிப்பில் முகத்துக்கு வரும். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அலுமினிய ஹெட் விரிசல் விடலாம்.

கேள்வி: வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டலாமா?

கூடாது. எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், அதோடு இனிக்கும். தட்டில் திறந்து வைத்ததைப் பூனையோ நாயோ நக்கினால் சில கரண்டி அளவிலேயே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். பிள்ளைகளுக்கும் அதே ஆபத்துதான். யாராவது குடித்தது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வடித்ததும் கெட்டியாக மூடும் கேனில் ஊற்றி, மேலே பெரிதாகப் பெயர் எழுதி, பழைய ஆயில், கூலன்ட் வாங்கிக்கொள்ளும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தியதை மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.