கேள்வி பதில்: சைக்கிள் எடையைக் குறைக்கலாமா?

கேள்வி: மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு 9 கியர் சைக்கிளில் போய் வருகிறேன். செயின், பின்சக்கரப் பற்சக்கரத் தொகுப்பான கேசட், பெடல் மாட்டும் கிராங்க் மூன்றையும் எடை குறைந்ததாக மாற்றினால் அரை கிலோ குறையும் என்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், மண்டபம்

பதில்: வேண்டாம். நீங்கள் 75 கிலோ, சைக்கிள் 13 கிலோ என்று வைத்தால், அரை கிலோ என்பது மொத்தத்தில் 0.6 சதவீதம்கூட இல்லை. உங்கள் வழியில் ஏற்றம் என்று சொல்ல பாம்பன் பாலம்தான். மற்றபடி காலைப் பிடித்து இழுப்பது மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. அதற்கு எடை ஒரு பொருட்டில்லை.

இன்னொரு சிக்கல், உப்பு. எடை குறைந்த கேசட்டுகளில் பெரிய பற்சக்கரங்கள் பெரும்பாலும் அலுமினியம். மணலும் எண்ணெயும் குழைந்து உப்புத்தாள் மாதிரி அவற்றை அரைத்துவிடும். இரும்பும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். பெடல் கிராங்கோடு இறுகிப்போவதும் இதனால்தான். பெடல் மரையில் கிரீஸ் தடவியே மாட்டுங்கள்.

துரு தாங்கும் பூச்சுள்ள சாதாரண செயின் போதும். பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். இப்படித் துடைக்காவிட்டால் மணல் ஒட்டும்.

செயின் தேய்ந்ததா என்று அளந்து பாருங்கள்: 24 கண்ணிகள், ஆணிக்கு ஆணி, புதிதில் 304.8 மி.மீ. அது 307 ஆனால் செயினை மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் கேசட்டும் சேர்ந்து போகும்.

மிச்சப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.