ட்ரையர் இரைகிறதா? உருளைகளைப் பாருங்கள்

வீட்டு இயந்திரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் உடுப்பு ட்ரையருக்கு வயது பன்னிரண்டு. போன குளிர்காலத்தில், போட்டவுடன் கடகடவென்று இரைந்துவிட்டுச் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். இப்போது அடங்குவதே இல்லை. மேலே தூங்கும் குழந்தை விழித்துவிடுகிறது. உடுப்பு நன்றாகத்தான் காய்கிறது. பார்க்க வந்தவர், "பழையது, புதிதாக வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: வேண்டாம் அம்மா. சூடு வருகிறது, உடுப்புப் போடும் தொட்டி சுற்றுகிறது, உடுப்பு காய்கிறது என்றால் அந்த இயந்திரத்தின் உயிர்நாடி முழுவதும் நலமாக இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், தேய்ந்திருப்பது தொட்டியைத் தாங்கும் உருளைகள். சில பத்து டொலர் பெறுமதியான ரப்பர்ச் சக்கரங்கள் அவை. அவற்றுக்காக நூறு இறாத்தலுக்கு மேல் எடையுள்ள நல்ல இரும்பைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் "புதிது வாங்குங்கள்" என்பவரை இன்னொரு முறை கூப்பிடாதீர்கள்.

முதலில் அடங்கிய சத்தம் பிறகு ஏன் அடங்கவில்லை என்று சொல்கிறேன். தொட்டியின் எடை எப்போதும் அந்த உருளைகளின் மேல்தான் இருக்கிறது. இங்கே கனடாவில், பேஸ்மென்டின் குளிரில் இயந்திரம் நாள்கணக்கில் சும்மா நிற்கும்போது, உருளையின் ரப்பர் இறுகி, தொட்டி அழுத்தும் இடத்தில் சற்றுத் தட்டையாகிவிடும். ஓடத் தொடங்கியதும் அந்தத் தட்டை இடம் தட்டுப்பட்டுச் சத்தம் எழும். சூடேறி ரப்பர் இளகியதும் வட்டம் திரும்பிவிடும், சத்தமும் நின்றுவிடும். போன குளிர்காலத்தில் நீங்கள் கேட்டது அதுதான். இப்போது கேட்பது அடுத்த கட்டம். உருளையின் நடுத்துளை அச்சில் உரசி உரசி அகன்றிருக்கும், அல்லது ரப்பர் வெடித்திருக்கும். இதைச் சூடு சரிசெய்யாது.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். தொட்டி நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 தடவை சுற்றுகிறது. ஆகவே நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் 'டும்… டும்…' என்று கேட்டால் கோளாறு தொட்டியிலோ, பெல்ட்டிலோ, உள்ளே உருளும் ஒரு சப்பாத்திலோ இருக்கலாம். உருளை மிகச் சிறியது. தொட்டி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அது எட்டு ஒன்பது சுற்றுச் சுற்றிவிடும். அதனால் உருளையின் தட்டல்கள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். நீங்கள் 'கடகட' என்று எழுதியது மிகச் சரியான சொல்.

இரும்பும் இரும்பும் உரசுவது போன்ற சத்தம் வந்தால் மட்டும் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். உருளை அந்த அளவுக்குத் தேய்ந்தால் தொட்டி கீழிறங்கி, விளிம்பில் இருக்கும் கம்பளிப் பட்டையை அரைத்துவிட்டுத் தகட்டில் உரசத் தொடங்கும். பிறகு தொட்டியையே மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: ஐயா, உருளைகளை நானே மாற்ற விரும்புகிறேன். ஓரளவு கை வேலை தெரியும். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், மார்க்கம்

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. முதலில், உங்களுடையது மின்சார ட்ரையரா, எரிவாயு ட்ரையரா என்று பாருங்கள். எரிவாயு என்றால் குழாயில் கை வைக்காதீர்கள். ஒன்ராறியோவில் அது சான்றிதழ் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பவியலாளரின் வேலை. மின்சாரம் என்றால் அது 240 வோல்ட். பொத்தானை அணைத்தால் போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

நம் வீடுகளில் நான் அதிகம் காண்பது, பஞ்சு வடிகட்டி மேல்தட்டில் இருக்கும் 29 அங்குல அகல இயந்திரம். வேர்ல்பூல், கென்மோர் பெயர்களில் வருபவற்றில் பல இந்த அமைப்புத்தான். அதற்கே சொல்கிறேன். வடிகட்டியை உருவினால் அதன் வாயோரம் இரண்டு திருகாணிகள் தெரியும். அவற்றைக் கழற்றிவிட்டு, சுவருக்குப் பட்டி பூசும் தட்டைக் கத்தியை மேல்தட்டின் முன்விளிம்பில், இரு மூலைகளுக்கும் சற்று உள்ளே நுழைத்துத் தள்ளினால் உள்ளிருக்கும் பிடிகள் விடும். மேல்தட்டைக் காரின் பொனட் போலத் தூக்கிப் பின்சுவரில் சாய்க்கலாம். கதவுச் சுவிட்சுக்குப் போகும் வயரைக் கழற்றுங்கள். முன்தகட்டை உள்ளிருந்து பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளுக்கு 5/16 அங்குலச் சாவி வேண்டும்.

இந்த இடத்தில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் முன்பாதியைத் தாங்குவது அந்த முன்தகடுதான். அதை எடுத்ததும் தொட்டி முன்னால் சரியும். கையுறை போடாமல் உள்ளே கையை விடாதீர்கள், தகட்டு விளிம்புகள் சவரக் கத்திபோல் வெட்டும்.

பெல்ட்டைக் கழற்றுமுன் அது போகும் வழியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் பக்கத்தில் சுருள்வில் பிடித்திருக்கும் சிறிய கப்பி ஒன்று இருக்கும். அதைத் தள்ளினால் பெல்ட் தளரும். தொட்டியை நேரே முன்னால் இழுத்து வெளியே எடுத்துவிடலாம். இப்போது பின்சுவரில், அடிப்பக்கத்தில் இடமும் வலமுமாக இரண்டு உருளைகள் தெரியும். ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நல்ல உருளை சத்தமின்றிச் சுற்றும், ஆடாது. உருளையைப் பிடித்திருப்பது முக்கோண வடிவப் பிளாஸ்டிக் வளையம். பழைய வளையம் கழற்றும்போதே உடையும், உடையட்டும், புதிதுதான் போடப் போகிறோம்.

உருளையை உருவியதும் அச்சைத் துடைத்து, அதன் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இந்த ஒரு காரியத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நகத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் அச்சையும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் புதிய உருளையின் துளையை அந்தப் பள்ளமே அறுத்துவிடும். சில இயந்திரங்களில் ஒரு பக்கத்து அச்சின் மரை எதிர்த்திசையில் சுற்றும். வராவிட்டால் பலவந்தப்படுத்தாமல் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள்.

மூடுவதற்கு முன்பு உள்ளே இருக்கும் பஞ்சுத் தூசு முழுவதையும் வக்கியூமால் உறிஞ்சிவிடுங்கள். மோட்டாரைச் சுற்றியும், சூடேற்றும் பெட்டியைச் சுற்றியும் இருக்கும் பஞ்சு தீப்பிடிக்கக் கூடியது. இதற்காகவே ஒரு ட்ரையரைத் திறக்கலாம் என்பது என் எண்ணம்.

திரும்பப் பூட்டும்போது, பெல்ட்டின் வரிப்பள்ளமுள்ள பக்கம் தொட்டியைத் தொட வேண்டும். பழைய பெல்ட் ஓடிய தடம் தொட்டியில் மினுங்கிக்கொண்டு தெரியும். அதன் மேலேயே வையுங்கள். பின்பக்கக் கம்பளிப் பட்டை மடிந்து சிக்கியிருக்கிறதா என்று சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்து, தொட்டியைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிய பிறகே மேல்தட்டை மூடுங்கள்.

பஞ்சு வடிகட்டி கதவோரம் இருக்கும் 27 அங்குல இயந்திரங்களில் பெரும்பாலும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு உருளைகள் இருக்கும். பிரிக்கும் முறையும் வேறு.

கேள்வி: ஒரு உருளைதான் தேய்ந்திருக்கிறது. மற்றது புதிதுபோல் இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?
– வாசகி, ஏஜாக்ஸ்

பதில்: போதாது. இரண்டும் ஒரே நாளில் ஓடத் தொடங்கியவை. இரண்டாவதும் அதிக காலம் தாங்காது. அதற்காக மீண்டும் தொட்டியை வெளியே எடுக்கப் போகிறீர்களா? இவ்வளவு தூரம் திறந்த பிறகு, பெல்ட்டையும் இறுக்கும் கப்பியையும் சேர்த்தே மாற்றிவிடுவதுதான் என் வழக்கம். நான் மேலே சொன்ன 29 அங்குல வகைக்கு 4392065 என்ற எண்ணில் இவை மூன்றும் வளையங்களோடு ஒரே பொதியாகக் கிடைக்கின்றன. வாங்குமுன் உங்கள் மாடல் எண்ணுக்குப் பொருந்துமா என்று சரிபாருங்கள்.

கேள்வி: ட்ரையர் கிறீச்சிடுகிறது. எண்ணெய் ஸ்பிரே அடித்தால் நின்றுவிடும் என்கிறார் என் மருமகன். அடிக்கலாமா?
– வாசகர், பிரம்டன்

பதில்: அடிக்க வேண்டாம் என்று மருமகனிடம் அன்போடு சொல்லுங்கள் ஐயா. ஊரில் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் எண்ணெய் விட்டுப் பழகியவர்கள் நாம். அந்த நினைவில் கை தானாக எண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். ஆனால் கிணற்றடியில் பஞ்சும் இல்லை, நெருப்பும் இல்லை. இங்கே அந்த ஸ்பிரே ஒரு வாரம் சத்தத்தை அடக்கிவிட்டு உலர்ந்து பிசினாகும். பறக்கும் பஞ்செல்லாம் அதில் ஒட்டும். உருளை முன்பைவிடச் சிரமப்பட்டுச் சுற்றும். சூடேற்றும் கம்பிக்கு அருகில் எண்ணெயில் ஊறிய பஞ்சு இருப்பது எனக்குப் பயத்தைத் தருகிறது. கிறீச்சிடுவது பெரும்பாலும் இறுக்கும் கப்பி, அல்லது அச்சு காய்ந்த உருளை. மாற்றுவதே மருந்து.

கேள்வி: உருளைகளை மாற்றிவிட்டோம், சத்தம் இல்லை. ஆனால் ஒரு சுமை காய இரண்டு தடவை போட வேண்டியிருக்கிறது. கோடையில் வெளியே கொடி கட்டலாம் என்றால், எங்கள் குடியிருப்பில் அனுமதி இல்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– வாசகி, மிசிசாகா

பதில்: இரண்டு தடவை ஓடினால் உருளைகளும் இரண்டு மடங்கு தேயும், ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள் அக்கா. வேலை செய்தபோது இயந்திரத்தை நகர்த்தியிருப்பீர்கள். பின்னால் இருக்கும் 4 அங்குலக் குழாய் நசுங்கியிருக்கலாம். பிடித்தால் கசங்கும் மெல்லிய அலுமினியத் தாள் குழாய் என்றால் அதை எடுத்துவிட்டு உறுதியான உலோகக் குழாய் போடுங்கள். பிறகு ட்ரையர் ஓடும்போது வெளியே போய், சுவரில் இருக்கும் மூடி நன்றாகத் திறந்து சூடான காற்று வேகமாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அடைப்பு உள்ளே இருக்கிறது.

கொடியைப் பொறுத்தவரை, ஒன்ராறியோ அரசு 2008 இல் கொடிகளுக்கு இருந்த தடைகளை நீக்கிவிட்டது. தனி வீட்டிலோ இரட்டை வீட்டிலோ இருந்தால் உங்கள் முற்றத்தில் கட்டலாம். அடுக்குமாடியில் இருந்தால் நிருவாகத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கம்பளம், பெரிய துவாய் போன்ற தண்ணீர் குடிக்கும் துணிகளை வெயிலில் போட்டால் உருளைகளின் சுமை வெகுவாகக் குறையும்.

கேள்வி அனுப்புகிறவர்கள் ட்ரையரின் மாடல் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். கதவைத் திறந்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் ஒரு சிறிய ஒட்டுத்தாளில் இருக்கும்.