கலைப்பதற்கு முன் காசுப் புத்தகத்தைத் திறவுங்கள்

அன்புள்ள ஐயா,

திருகோணமலையில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக இருக்கிறேன். ஒரு காலத்தில் எங்கள் உதைபந்தாட்ட அணி லீக்கின் முதற்பிரிவில் ஆடியது. இப்போது மூன்றாம் பிரிவில் நிற்கிறோம். அடுத்த ஆண்டு பொன்விழா. வெளிநாட்டில் இருக்கும் பழைய வீரர்கள் மலர் ஒன்று வரவேண்டும் என்கிறார்கள், அச்சுச் செலவையும் தருவார்களாம். இங்குள்ள பெடியளின் நினைப்பு வேறு. கழகத்துக்குக் கடன் இருப்பதால் அதைக் கலைத்துவிட்டுப் புதுப் பெயரில் தொடங்கினால் அனுசரணை வரும் என்கிறார்கள். லீக்கை விட்டுவிட்டுச் சுற்றுப்போட்டிகளில் மட்டும் ஆடிப் பரிசுப் பணத்தில் கழகத்தை நடத்தலாம் என்றும் பேச்சு. கையில் இருப்பவை ஒரு கூட்டறிக்கைப் புத்தகமும் சில காசுப் புத்தகங்களும் ஒட்டிப்போன இரண்டு அல்பங்களும்தான். இவற்றை வைத்து வரலாறு எழுதலாமா? எழுதினாலும் மூன்றாம் பிரிவுக் கழகத்தின் கதையை யார் வாசிப்பார்கள்?

ர.
திருகோணமலை

அன்புள்ள ர.,

கழகத்தைக் கலைக்கவும் வேண்டாம், லீக்கிலிருந்து விலகவும் வேண்டாம். மலரைக் கட்டாயம் எழுதுங்கள். பெடியளின் யோசனைகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவசரமானது அதுதான்.

இங்கிலாந்தின் லங்கஷயரில் அக்ரிங்டன் ஸ்டான்லி என்றொரு கழகம். 1921 இல் இங்கிலாந்து லீக்கின் மூன்றாம் பிரிவில் வடக்குப் பகுதி தொடங்கியபோது அதில் இடம் பெற்றது. 1954-55 பருவத்திலும் 1957-58 பருவத்திலும் இரண்டாம் இடம். அன்றைய விதிப்படி முதலிடக் கழகம் மட்டுமே மேலே போகும், ஆகவே அங்கேயே நின்றது. 1958 இல் அக்கழகம் ஒரு பார்வையாளர் அரங்கை வாங்கியது. அல்டர்ஷொட்டில் இராணுவ அணிவகுப்புக் காட்சிகளுக்காக நிறுத்தப்பட்டிருந்த அரங்கு, விலை 1,450 பவுண். அதைக் கழற்றி, ஏற்றிக் கொண்டுவந்து, பீல் பார்க் மைதானத்தில் மீண்டும் நிறுத்த ஆன செலவு வாங்கிய விலையைப் பல மடங்கு தாண்டியது. 1960 இல் நான்காம் பிரிவுக்கு இறங்கினார்கள். வரவு சுருங்கியது, கடன் அப்படியே நின்றது. 1962 மார்ச் 2 இல் குறூ அணியிடம் 4-0 எனத் தோற்றபின் நிர்வாகிகள் லீக்குக்கு விலகல் கடிதம் அனுப்பினார்கள். அடுத்த சில நாட்களிலேயே உதவிப் பணம் பற்றிய பேச்சு வந்தது. கடிதத்தைத் திரும்பப் பெறக் கேட்டார்கள். லீக் மறுத்துவிட்டது. அந்தப் பருவத்தில் அவர்கள் ஆடிய 33 ஆட்டங்களின் முடிவுகளும் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டன. காலியான இடம் ஒக்ஸ்போர்ட் யுனைடெட்டுக்குப் போனது. ஸ்டான்லி சிறு லீக்குகளில் தள்ளாடி 1966 இல் மூடப்பட்டது. 1968 இல் அதே பெயரில் புதுக் கழகம் உருவாகி, 2006 இல்தான் லீக்குக்குத் திரும்பியது. அதே பருவத்தில் கீழே இறங்கிய கழகங்களில் ஒன்று ஒக்ஸ்போர்ட்.

அந்தக் கழகம் நான்காம் பிரிவில் தோற்றதற்காக மூடப்படவில்லை. அரங்குக்குச் செலவிட்ட காசு பருவத்தை நடத்தத் தேவையான காசாக இருந்தது, அதுதான் சிக்கல். திருகோணமலையில் இதே பிழை வேறு உருவில் நடக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் உதவி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கே வருகிறது: ஜேர்சி, கழகக் கட்டடம், விழா மேடை. மூதூருக்குப் போகும் வானுக்கு டீசல் அடிக்க யாரும் அனுப்புவதில்லை. ஆகவே அச்சுச் செலவைத் தருவோரிடம் இப்போதே பேசுங்கள். மலர் 200 பிரதி போதும். மிச்சத்தை ஒரு பருவத்தின் லீக் செலவுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். கணக்கு நீளமானதல்ல. பிரிவில் 10 கழகங்கள், ஒரு சுற்று என்றால் உங்களுக்கு 9 ஆட்டம். லீக் கட்டணம், 22 வீரர்களின் பதிவு, மத்தியஸ்தர் கட்டணத்தில் உங்கள் பங்கு, வெளி மைதான ஆட்டங்களுக்கு வான், 5 ஆம் அளவுப் பந்து மூன்று, முதலுதவிப் பெட்டி. ஒரு ஆட்டத்துக்கான செலவைக் கண்டு 9 ஆல் பெருக்கி, அதில் ஒரு தடவை மட்டும் வரும் கட்டணங்களைச் சேருங்கள். அந்தத் தொகை வங்கியில் விழுந்த பிறகுதான் ஜேர்சி பற்றிய கூட்டம்.

பரிசுப் பணத்தில் கழகம் நடத்தும் யோசனைக்கு எண்களே பதில் சொல்லும். 16 அணிகள் ஆடும், தோற்றால் வெளியேறும் விலகல் முறைப் போட்டியில் மொத்தம் 15 ஆட்டம். 8 அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு போகும், கட்டிய நுழைவுக் கட்டணம் திரும்பாது. வெல்லும் அணிக்கே 4 ஆட்டம்தான். பரிசை நம்பி வெளியாட்களை ஏற்றும்போது சொந்தப் பெடியன் வாங்கில் குந்தியிருப்பான், இரண்டு மாதத்தில் பயிற்சிக்கு வருவதையே விட்டுவிடுவான். ஏழு பேர் ஆடும் போட்டிகளுக்குப் பழகிய அணி, பதினொருவர் ஆட்டத்துக்குத் திரும்பும்போது அகலத்தைப் பாவிக்கத் தெரியாமல் நடுவில் நெருங்கி நிற்கும். ஞாபகார்த்தப் போட்டிகளில் ஆடுங்கள், அவை ஊரின் கொண்டாட்டம். லீக் நாளோடு மோதினால் லீக்குக்கே போங்கள். வராத அணிக்கு எழுதப்படும் வோக்கோவர் பெரும்பாலான லீக்குகளில் 3-0 தோல்வி. ஒரு பருவத்தில் இப்படி இரண்டு விழுந்தால் மூன்றாம் பிரிவில் கோல் வித்தியாசத்தை மீட்பது கடினம்.

புதுப் பெயர் விடயம். 1973 இன் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாகப் புதிய பதிவு, புது யாப்பு, புது வங்கிக் கணக்கு, ஒவ்வொரு வீரருக்கும் விடுவிப்புக் கடிதம், பிறகு லீக்கில் அடியிலிருந்து விண்ணப்பம். கடன் பெயரோடு போகாது. கடன் கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட பொருளாளரைத் தேடித்தான் வருவார். இங்கிலாந்தின் விம்பிள்டன் கழகத்தைப் பெடியள் உதாரணம் காட்டக்கூடும். 2002 இல் அக்கழகத்தை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் ஏ.எப்.சி. விம்பிள்டனை உருவாக்கிச் சிறு லீக்கில் தொடங்கி, 2011 இல் இங்கிலாந்து லீக்குக்கு ஏறினார்கள். 2020 இல் பழைய கழகத்தின் இடமான பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். ஆனால் அவர்களிடமிருந்து கழகம் பறிக்கப்பட்டது. உங்களுடையது உங்கள் கையில் இருக்கிறது. அவர்களின் பழைய கிண்ணங்களின் பிரதிகளும் அந்த வரலாற்றுக்கான உரிமையும் விம்பிள்டன் பகுதியின் மேர்ட்டன் உள்ளூராட்சிச் சபைக்குக் கையளிக்கப்படவே 2007 வரை ஆனது.

உங்கள் யாப்பை எடுத்துப் பாருங்கள். கலைப்பதற்கும் லீக்கிலிருந்து விலகுவதற்கும் விசேட பொதுக்கூட்டம், குறைந்தது 21 நாள் அறிவித்தல், வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு என்ற வாசகம் இல்லாவிட்டால், வரும் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள். கோபத்தில் எழுதும் ஒரு கடிதம் ஐம்பது ஆண்டை அழிக்கக்கூடாது.

இனி வரலாறு. நீங்கள் அற்பமாகச் சொன்ன காசுப் புத்தகங்கள்தான் உங்கள் முதல் ஆதாரம். கூட்டறிக்கையில் மனிதர்கள் தங்களுக்குப் பிடித்ததை எழுதுவார்கள். காசுப் புத்தகத்தில் நடந்தது இருக்கும். ஒரு சனிக்கிழமைத் திகதிக்கு எதிரே ‘தோடம்பழம், ஐஸ்’ என்று ஒரு வரி இருந்தால் அன்று ஆட்டம் நடந்திருக்கிறது, இடைவேளைக்கு வாங்கியது அது. அதே பக்கத்தில் வான் கூலி இருந்தால் வெளி மைதானம். சுண்ணாம்பு இருந்தால் கோடு போட்டது நீங்கள், ஆகவே உங்கள் மைதானம். மத்தியஸ்தர் கட்டணம் இருந்து தோடம்பழம் இல்லாவிட்டால், எதிரணி வராத நாளா என்று தேடுங்கள்.

இப்படி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்: திகதி, மைதானம், எதிரணி, போட்டியின் பெயர், கோல்கள், அடித்தவர், தகவல் எங்கிருந்து வந்தது. கடைசி வரியை விடவேண்டாம். மலர்களில் வரும் சண்டை பெரும்பாலும் அந்த வரி இல்லாததால்தான். வீரகேசரி 1930 இலிருந்தும் தினகரன் 1932 இலிருந்தும் வருகின்றன. காசுப் புத்தகத்தில் கிடைத்த திகதிக்குப் பின்வரும் ஒரு வாரத்துப் பத்திரிகைகளை மட்டும் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டுப் பாருங்கள். திகதி இல்லாமல் போய் உட்கார்ந்தால் நாள் முழுக்கப் பக்கம் புரட்டிவிட்டு வெறுங்கையோடு வருவீர்கள்.

மூத்தவர்களிடம் ‘எந்த ஆண்டு?’ என்று கேட்காதீர்கள். ஆண்டு பிழைக்கும், அடையாளம் பிழைக்காது. 83 கலவரத்துக்கு முன்பா பின்பா, 2004 சுனாமிக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். இரண்டு பேரைத் தனித்தனியே கேளுங்கள், சேர்த்து இருத்தினால் குரல் பெரியவரின் ஞாபகமே இருவருக்கும் வரும். படத்தில் நிற்பவர்களை இடமிருந்து வலமாக எழுதும்போதும் இதே முறை.

புள்ளி அட்டவணையில் கவனம். வெற்றிக்கு 3 புள்ளி என்பதை இங்கிலாந்து 1981 இல் கொண்டுவந்தது, உலகக் கிண்ணத்தில் 1994 இலிருந்து. அதற்கு முன் 2 புள்ளி. உங்கள் லீக் எப்போது மாறியதென்று கூட்டறிக்கையில் பாருங்கள். 9 ஆட்டத்தில் 5 வெற்றி, 4 தோல்வி கண்ட அணிக்குப் பழைய முறையில் 10 புள்ளி, புதிய முறையில் 15. 3 வெற்றி, 5 சமநிலை, 1 தோல்வி என்றால் பழையதில் 11, புதியதில் 14. யார் மேலே என்பதே மாறிவிடுகிறது. அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுக்கும் பழைய கோல் சராசரியும் அப்படித்தான். 20 அடித்து 10 வாங்கிய அணியின் சராசரி 2.0, 40 அடித்து 25 வாங்கியதன் சராசரி 1.6. வித்தியாசம் பார்த்தால் இரண்டாவதே முந்தும். பழைய பருவத்தை இன்றைய கணக்கில் திருத்தி எழுதுவது அன்று ஆடியவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வெற்று ஆண்டுகளை மறைக்க வேண்டாம். ‘ஆட்டம் இல்லை’ என்று எழுதிக் காரணத்தையும் எழுதுங்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல்தான் திறந்தது. அதற்கு முன் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் படகு) ஓடாத நாளில் அக்கரை அணிக்கு விழுந்த வோக்கோவரை வெற்றியாக மட்டும் பதிந்தால் உண்மை பாதிதான். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மைதானம் தண்ணீரில் கிடப்பதால் முடியாத பருவம் அடுத்த ஆண்டுக்கு நீளும், அப்படிப்பட்ட பருவத்தை 1985 என்று எழுதாமல் 1985/86 என்று எழுதுங்கள். யார் இடம்பெயர்ந்தார், யார் திரும்பவில்லை என்பதைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு மட்டும் சேருங்கள்.

யார் வாசிப்பார்கள் என்றீர்கள். அடுத்த செயலாளர் வாசிப்பார். மைதான ஒதுக்கீட்டுக்குச் சபைக்கு விண்ணப்பிக்கும் நாளில், எத்தனை பருவம் எங்கே ஆடினோம் என்று திகதியோடு காட்ட அவருக்கு வேறு ஆவணம் கிடையாது. தேசிய நூலகச் சபையில் ஐ.எஸ்.பி.என். என்ற நூல் எண்ணை எடுத்து, ஊர்ப் பொது நூலகத்துக்கும் ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேமிக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

அல்பத்தில் ஒட்டிய படங்களைப் பிய்க்க வேண்டாம், கடற்கரை ஈரத்தில் ஒட்டியது மேற்பூச்சோடு உரிந்துவிடும். பக்கத்தோடு வைத்து 600 டி.பி.ஐ. இல் ஸ்கான் செய்யுங்கள். கூட்டறிக்கைப் புத்தகத்தையும் முழுதாக ஸ்கான் செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். அது முடியும்வரை அந்தப் புத்தகத்தை, கேட்பவர் பழைய தலைவராக இருந்தாலும், இரவல் கொடுக்க வேண்டாம்.